மற்றவை

ஆகஸ்டுக் காற்று கடலிலிருந்து நேராக வந்து
காதுக்குள் உப்பை வைத்துவிட்டுப் போகும் ஊர்.
ரோச்சா நகராட்சியின் பழுப்புக் கோப்போடு
வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தினேன்.
அனுமதியில்லாமல் கட்டிய வீடு. கதவிலக்கம் இல்லை.
புகார் கொடுத்தவர் பெயரும் இல்லை.

நாய் முதலில் என்னைப் பரிசோதித்தது.
பிறகு நெரெய்தா பின்டோஸ் வந்தார்,
மணிக்கட்டு வரை சேறு.
நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்து
குலுக்கச் சொல்லி முழங்கையைத் தந்தார்.

படிவத்தின் முதல் கேள்வி: சுவர் எதனால் ஆனது?
செங்கல், கான்கிரீட், மரம், தகரம்,
நான்கு சின்னக் கட்டங்கள்.
அதற்கும் கீழே 'மற்றவை' என்று
ஒரு விரல் நீளத்துக்குக் கோடு.

குளிர் வரும் தெற்குப் பக்கம் முழுக்க லாரி டயர்.
"முந்நூற்றுப் பன்னிரண்டு" என்றார்.
எண்ணினீர்களா?
"டயருக்கு மூன்று தள்ளுவண்டி மண்,
சம்மட்டியால் அடித்து அடித்து.
நான் எங்கே எண்ணினேன், தோள்பட்டை எண்ணியது."

கிழக்கே வைக்கோல், களிமண், குதிரைச் சாணம்.
அதற்குள் படுத்துக் கிடந்தன
காஸ்டியோஸ் ஊர் கார்னிவலில் குடித்துப் போட்ட புட்டிகள்.
காலை வெயில் அவற்றின் அடிப்பாகம் வழியாக
பச்சையாகவும் பழுப்பாகவும்
என் கோப்பின் மேல் விழுந்தது. நகர்த்திக்கொண்டேன்.
அளவு நாடாவைப் பிடித்தால் அது வளைந்தது.
எண்பத்தேழு டிகிரி என்று எழுதி, அடித்து,
தொண்ணூற்றிரண்டு என்று எழுதி, அதையும் அடித்து,
மூலை என்பதையே அடித்தேன்.

அண்ணன் அதெமார்
பத்தொன்பது வருடம் பேருந்து ஓட்டியவர்.
அந்தப் பேருந்து காயலான் கடைக்குப் போனபோது
முன்கண்ணாடியை மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறார்.
அதுதான் இப்போது குளியலறை ஜன்னல்.
வைப்பரை உள்பக்கமாக மாற்றிப் பொருத்தி
ஆவி படிந்தால் கையால் தள்ளித் துடைக்கிறார்.
"குளிக்கும்போதும் இவருக்குச் சாலை தெரிய வேண்டும்."
வெளியே சாலை இல்லை. இரண்டு ஆடுகள்,
குளித்த தண்ணீரைக் குடித்து நிற்கும் நாணல்.

கழிவுநீர்க் குழாய்? இல்லை.
மரத்தூள் ஒரு வாளி, கரண்டி, மூடி.
ஒரு வருடம் கழித்து அது என்ன ஆகிறதென்று
குவியலில் அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.
வெதுவெதுப்பாக இருந்தது.
நாறவில்லை என்று குறிக்கக் கட்டம் இல்லை.

வெளியே ஆறு டிகிரி. உள்ளே, அடுப்பு எரியாமல்,
பத்தொன்பது.
வெப்பமானியைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தேன்.
முறையான செங்கல்லில்
நானே கையெழுத்திட்டுத் தேற்றிய குடியிருப்பில்
என் படுக்கையறைச் சுவர்
ஜூனிலிருந்து கறுப்பாகப் பூத்துக்கொண்டிருக்கிறது.

சமையலறையில்தான் அந்தக் கதவைக் கண்டேன்.
உரிந்த பச்சை வண்ணம், பித்தளையில் ஏழு.
இரண்டு வருடம் முன்பு கண்ணாடிக் கதவு போட்டபோது
நாங்கள் தூக்கி எறிந்தது.
இதற்குப் பின்னால் பதினோரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.
வெளிப்பக்கத்தை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.
பூட்டுக்கு அருகே, சாவியால் கீறி,
யாரோ எழுதியிருந்தார்கள்: இன்னும் எவ்வளவு நேரம்?
அதன் கீழே வேறொரு கை: நானும்.
அதன் கீழே வெறும் கோடுகள், ஐந்தைந்தாக.

என்னை அறியாமல் விரலை மடக்கித் தட்டினேன்.
"தட்ட வேண்டாம், திறங்கள்,
உள்ளே பூசணிக்காய்தான்" என்றார் அதெமார்.
பூசணி, பூண்டுச் சரம், சீமைமாதுளை ஜாம்.
என் நாற்காலி இருந்த தூரத்தில்
உருளைக்கிழங்கு மூட்டை.

மாத்தே குவளை மூன்று முறை என் பக்கம் வந்தது.
விரல் நீளக் கோட்டில் தொடங்கி
ஓரத்துக்கு ஏறி, தாளைத் திருப்பி
பின்பக்கமும் எழுதி முடித்தேன்.

"அனுமதி எப்போது வரும்?" நெரெய்தா கேட்டார்.
நாற்பது வேலை நாள் ஆகும் என்றேன்,
பழக்கத்தில்.

இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
கதவைப் பார்த்தார்கள்.